விழாத அரளி

மூன்றாவது நாளாக அம்மனின் இரண்டு தோள்களிலும் வைத்த அரளிப் பூக்கள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. வலது தோள் பூ முதலில் விழுந்தால்தான் ஆபரேஷனுக்குச் சம்மதிப்பேன் என்று கௌசல்யாவின் கணவன் திருமூர்த்தி ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிடிவாதமாகப் படுத்திருந்தான். நாளைக்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அந்தக் காலத்து அரளி ரகம்னா நனைச்சு வெச்ச கொஞ்ச நேரத்துல வாடி விழுந்துருமுங்க," என்றார் பூசாரி கௌசல்யாவிடம், கொட்டாவியை அடக்கியபடி. "இது இரட்டிப்பு அரளி. மாசமானாலும் வாடாது. அம்மன்தான் என்ன பண்ணுவா? வேற பூ எங்கீங்க கெடைக்குது?"

கௌசல்யாவுக்குத் தெரியாததா? ஆறு வருடமாக நாற்றுப்பண்ணையில் அரளிக் குருத்துகளின் நுனியில், குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும் கோல்சிசின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவதுதான் அவள் வேலை. மருந்து பட்ட குருத்தில் வருகிற பூ இதழ் தடித்து, வாடாமல் நிற்கும். குப்பியை அழுத்தி அழுத்தி அவள் கட்டைவிரல் காய்த்துப்போயிருந்தது.

இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"அம்மன் என்ன சொல்லுச்சு?" என்றான் திருமூர்த்தி.

"வலது பூதானுங்க மொதல்ல விழுந்துச்சு."

"நெசமாவா?"

"நாந்தானுங்களே பொறுக்குனேன்," என்று பண்ணையிலிருந்து எடுத்து வைத்திருந்த ஒரு அரளியை நீட்டினாள்.

அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நர்ஸ் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டான். பல நாள் கழித்து அவன் முகம் தெளிந்திருந்தது.

"இனி எது நடந்தாலும் அம்மன் பொறுப்பு," என்றான். "நீ வெசனப்படாத புள்ள."