தங்கக் கடிகாரத்தை உருக்கச் சொன்னவள்

இசக்கிதுரை கடிகாரத்தின் மூடியை உரைகல்லில் இழுத்தபோது சுடலையம்மாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்லில் மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது. பித்தளைக்கும் அதே மஞ்சள்தான்.

"ஏது தாயி இது?" பழைய நகை வாங்கும் இசக்கிதுரை கேட்டார்.

"எங்க மாமனார் வச்சிருந்தது, அண்ணாச்சி."

கடம்பூரிலிருந்து கோவில்பட்டி வரும்வரை பஸ்சில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த பதில். அவளுடைய மாமனார் ஆடு மேய்த்தவர். வெயிலைப் பார்த்தே பொழுதைச் சொல்லிவிடுவார்.

இசக்கிதுரை கண்ணாடிக் குச்சியில் திராவகம் தொட்டு அந்தக் கோட்டின்மேல் வைத்தார். பித்தளையென்றால் கோடு கரைந்துபோகும் என்றார்.

சுடலையம்மாள் இப்போது கல்லையே பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தெருவில் யாரோ பூட்ஸ் காலோடு நடந்து போனார்கள். அந்தச் சத்தத்துக்கே அவள் உடம்பு தூக்கிப்போட்டது.

கோடு அப்படியே இருந்தது.

"பயப்படாதீய. தங்கந்தான்."

அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில்தான் என்று நினைத்த இசக்கிதுரை செம்பில் தண்ணீர் கொடுத்தார். வெள்ளைக்காரன் காலத்துச் சாமான், மதுரையில் இதை வாங்குவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், கொஞ்சம் பொறுத்தால் கடிகாரமாகவே நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. இப்பவே உருக்கிருங்க. நான் இருந்து பாத்துட்டுப் போறேன்."

"ஓடுத கடியாரத்த எவனாவது உருக்குவானா? பாதி விலைகூடத் தேறாதே தாயி."

"பரவால்ல."

இசக்கிதுரை அவளை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது அவளுக்கு.

அவர் கத்தி முனையால் உள்ளே இருந்த இயந்திரத்தை நெம்பி எடுத்து அவள் கையில் வைத்தார். உறை கழன்ற பிறகும் அது உள்ளங்கையில் துடித்துக்கொண்டிருந்தது. மூடிகள் உருக்கும் மண்கிண்ணமான மூசைக்குள் சிவந்து, நெளிந்து, ஒரே துளியாகத் திரளும்வரை அவள் நகரவில்லை.

திரும்பும் வழியில் அந்த இயந்திரத்தை பஸ் ஜன்னல் வழியே கருவேலங்காட்டுக்குள் வீசினாள்.

காலையில் கடைக்குப் போகும் முன் செண்பகவல்லி அம்மன் சந்நிதியில் நின்று அவள் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். இது பித்தளையாக இருக்க வேண்டும்.

பித்தளை என்றுதான் மகன் மாயகிருஷ்ணன் சொல்லியிருந்தான். திருநெல்வேலியில் நடைபாதைக் கடையில் வாங்கினானாம். அவன் பம்புசெட்டுக்குக் காவல் இருந்த தோட்டத்துக் கிணற்றில்தான் போன மாதம் கடற்கரை என்ற பருத்தி வியாபாரி செத்து மிதந்தார். கால் வழுக்கிவிட்டது என்று ஊரே பேசியது. அவர் சட்டைப்பையை விட்டுப் பிரியாத தங்கக் கடிகாரம் கிணற்றுச் சகதிக்குள் புதைந்து கிடக்கும் என்றார்கள். மகனின் பெட்டியைத் திறந்து பார்க்கும்வரை சுடலையம்மாளும் அப்படித்தான் நம்பினாள்.

ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் மாயகிருஷ்ணன் சைக்கிளோடு நின்றான். எங்கே போய் வருகிறாய் என்று கேட்கவில்லை. அவள் கேரியரில் ஏறி உட்கார்ந்தாள்.

வண்டிப்பாதையில் ஆள் அரவமே இல்லை. இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்த கரிசல்.

"எம்மா, எம் பெட்டியில இருந்த பித்தளைக் கடியாரத்தக் காணல. நீ எடுத்தியா?"

அவள் இதற்குப் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை.

"தண்ணி எடுக்கையில கெணத்துக்குள்ள விழுந்துட்டுலே" என்று வாய் சொல்லிவிட்டது.

மிதித்துக்கொண்டிருந்த அவன் கால் நின்றது. சைக்கிள் தானாகக் கொஞ்ச தூரம் உருண்டது.

திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

"எந்தக் கெணத்துல?"