கைப்பிடிச் சுவர்

ஓய்வுபெற்று ட்ரோன் வாங்கியதிலிருந்து ஏகாம்பரம் பருந்துகளுக்கே வழி சொல்கிற ஆளாகிவிட்டார். அன்று காலை மைதானத்திலிருந்து அதைப் பறக்கவிட்டபோது வெயிலில் போன் திரை தெரியவில்லை. எதைப் பிடித்ததோ, வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். இப்போது சோபாவில் உட்கார்ந்து ட்ரோனின் வைஃபையில் போனை இணைத்ததும், வீடியோ கம்பியில்லாமல் இறங்கத் தொடங்கியது.

“என்ன, நிலாவுல கால் வெச்சாச்சா?” என்றாள் மனைவி சௌந்தரம், முட்டிக்குத் தைலம் தேய்த்தபடி. அந்த வலியால் அவள் மாடிப்படியை மிதித்தே வருஷக்கணக்காகிறது. அவளைத் தனியே விட மனமில்லாமல் அவரும் இமயமலை ஆசையை மூட்டை கட்டிவிட்டிருந்தார்.

வீடியோ ஓடியது. அவர்கள் வீட்டு மொட்டைமாடி. புடவையை இழுத்துச் செருகி, கைகளை விரித்து, ஒரு செங்கல் அகலமுள்ள கைப்பிடிச் சுவரின் மேல் சௌந்தரம் நடந்துகொண்டிருந்தாள். மூலையில் ஒற்றைக் காலில் திரும்பினாள். ஒருமுறை நிமிர்ந்து ட்ரோனைப் பார்த்தாள். பிறகும் நடந்தாள்.

ஏகாம்பரத்தின் உயிர் தொண்டைக்குழி வரை வந்து, அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது.

“படம் வந்துடுச்சா?”

“இன்னும் வரலை.”

“அப்ப மாடியில நீங்க காயப்போட்ட துணிய எடுத்துட்டு வாங்களேன். என்னால படி ஏற முடியுதா?”

துணிகளை அள்ளித் தோளில் போட்டவர், சுவரருகே போய் நின்றார். தெரு பாதாளத்தில் கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலைத் தூக்கி மேலே வைத்தார்.

வீட்டுக்குள்ளிருந்து சௌந்தரத்தின் குரல் வந்தது.

“கீழ பாக்காதீங்க. நேராப் பாத்து அடுத்த கால வைங்க.”