முகம் பார்க்காதவள்

"மாரீஸ்வரியா? அவ ரொம்பப் பிடிவாதக்காரி மேடம்."

திராட்சைப் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து பெட்டியில் குலைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தாமலேயே சொன்னார். அபிதா நோட்டைத் திறந்தாள்.

கம்பத்தில் குழந்தைகள் பாதுகாப்புக்காக இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் களப்பணியாளர் தேவை. விண்ணப்பித்தவர்களில் மாரீஸ்வரிக்குத்தான் மதிப்பெண் அதிகம். ஆனால் நேர்காணலில் அவள் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. இந்த முகத்தோடு போனால் எந்த வீட்டில் உள்ளே விடுவார்கள் என்று குழுவில் ஒருவர் கேட்டுவிட்டார். அதனால் அவள் குணத்தை ஊரிலேயே விசாரித்து வர அபிதாவை அனுப்பியிருந்தார்கள். ஊருக்குள் நுழையும்போது முதலில் கண்ணில் பட்டவர் இவர்தான்.

"பிடிவாதம்னா எப்படிண்ணே?"

"சொந்தபந்தம்னு முகம் பார்க்க மாட்டா."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை அவர் சொன்னார். நெருங்கிய சொந்தத்தில் பதினாறு வயசுப் பிள்ளைக்குக் கல்யாணம். பத்திரிகை கொடுத்து, பந்தல் போட்டு, மாப்பிள்ளை வீட்டாரும் வந்து இறங்கிவிட்டார்கள். மாரீஸ்வரி ஒற்றை ஆளாக, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் போட்டு நிறுத்திவிட்டாள். பிள்ளையின் அப்பன், நடுத்தெருவில் எல்லாரும் பார்க்க அவளைக் கை நீட்டி அடித்துவிட்டார். இதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்தது.

"அதுக்கப்புறம் ஒதுங்கிட்டாளா?"

இல்லையாம். ஊரில் யாரும் அவளோடு பேசவில்லை. கம்பத்தில் ஒரு தோழி வீட்டில் தங்கிக்கொண்டு, தினமும் சாயங்காலம் பஸ் ஏறி வந்து அந்த வீட்டு வாசலில் நின்றாள். அழவில்லை, சண்டை போடவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டாள். மழையிலும் வந்தாள். ஒரு மாசம் கழித்து அந்த அப்பனே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளியில் விட்டார். இப்போது அது தேனியில் நர்சிங் படிக்கிறது.

அபிதா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"இந்த வேலைக்கு அவ சரிப்படுவாளாண்ணே?"

"யாருக்கும் பயப்பட மாட்டா. யாரையும் பாதியில விட்டுட்டும் போக மாட்டா. வேற என்ன மேடம் வேணும் ஒங்களுக்கு?"

"அந்தப் பிள்ளையோட அப்பாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டா நல்லது. இன்னும் கோவத்துல இருப்பாரோ?"

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"கோவமெல்லாம் போயிருச்சு மேடம். பேரு சுருளிராஜன்னு எழுதிக்கங்க. அந்தப் பிள்ளைக்கும் நான்தான் அப்பன், மாரீஸ்வரிக்கும் நான்தான் அப்பன்."