பூங்கோதை அங்கே இருந்தாள்

பிறப்புப் பதிவு நிராகரிக்கப்பட்டதாக ஆஸ்பத்திரிக் கவுன்ட்டர்காரர் சொன்னபோது, குழந்தை பூங்கோதையின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"மேடம், இது பிறக்கும்போது நீங்க இங்க இல்லையே. தொலைநோக்கி நிலையத்துல வேலை பாத்துட்டு இருந்திருக்கீங்க."

உலகத்து ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரே லாகின் என்று வந்து, பிறகு ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதுவே ஆகிவிட்டிருந்தது. ஓர் ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது. அதில் மட்டும் அது கறார்.

பூங்கோதை தன்னோடு ஆய்வு செய்யும் ரெஜினாவுக்குப் போன் போட்டாள்.

"நான்தான்க்கா உங்க லாகின்ல உக்காந்தேன். ரெண்டு வருஷம் காத்திருந்து தொலைநோக்கியில நமக்குக் கிடைச்ச நேரம். நீங்க வலி வந்து போயிட்டீங்க, விட மனசு வரல. நம்ம லேப்ல எல்லாரும் பண்றதுதானே?"

எல்லோரும் செய்வதுதான். ரெஜினாவின் கல்யாணத்தன்று பூங்கோதையே அவள் பெயரில் உட்கார்ந்திருக்கிறாள்.

கவுன்ட்டர்காரர் குரலைத் தாழ்த்தினார். "அங்க உக்காந்தது யாருன்னு எழுதிக் குடுத்தா உடனே சரியாயிடும். ஆனா அப்படி உக்காந்தவங்களோட லாகினை மூடிருவாங்க. ஆயுசுக்கும் எந்த லேப்லயும் நுழைய முடியாது."

"வேற வழி?"

"தாய் தெரியாத குழந்தைன்னு போட்டுட்டு, நீங்களே தத்தெடுத்துக்கலாம்."

குழந்தை பசித்து அழுதது. பூங்கோதை அதை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் தத்தெடுப்புப் படிவத்தில் தன் கடவுச்சொல்லைத் தட்டினாள்.

'இந்தக் குழந்தைக்கும் உங்களுக்கும் ஏற்கெனவே உறவு உண்டா?' என்று திரை கேட்டது.

பால் கொடுத்துக்கொண்டே 'இல்லை' என்பதை அழுத்தினாள்.