சோப்பக்கா கையெழுத்துப் போடவில்லை

"முப்பது நாள் சார்! முப்பது நாள்ல ஒரு கையெழுத்துகூட இல்ல. நீங்களே பாருங்க!"

பெரிய சிஸ்டர் பதிவேட்டைக் கண்காணிப்பாளரின் மேஜையில் பொத்தென்று வைத்தார். பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இருக்கும் கைகழுவும் பதிவேடு அது. பெரிய சிஸ்டரே யோசித்து, கோடு கிழித்து, போன மாதம் கொண்டுவந்த ஏற்பாடு. டாக்டரே ஆனாலும் கை கழுவி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் உள்ளே கால் வைக்கலாம். எல்லோர் கட்டங்களும் எறும்பு மொய்த்ததுபோல நிரம்பியிருந்தன. சோப்பக்காவின் வரிசை மட்டும் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

எதிரில் நின்ற சோப்பக்கா, பதினோரு வருடமாக அந்தப் பிரிவைத் துடைத்துச் சுத்தம் செய்பவர். சோப்புக்காக ஸ்டோர்காரரிடம் வாரம் தவறாமல் மல்லுக்கு நின்று வாங்கிய பெயர் அது.

விஷயம் சின்னதில்லை. பதினெட்டு நாளில் ஆறு குழந்தைகளுக்குக் காய்ச்சல். வழக்கமான மருந்து எதற்கும் மசியாத கிருமி. கடைசியாக இருந்த ஒரு மருந்தைக் கொடுத்து ஆறையும் இழுத்துப் பிடித்திருந்தார்கள். ஏழாவதாக ஒன்றுக்கு வந்தால் பிரிவையே மூட வேண்டியதுதான். யாருடைய கையிலிருந்தோ பரவுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். யார் கை என்றுதான் தெரியவில்லை. பழியைச் சுமக்க ஓர் ஆள் வேண்டாமா?

"ஏம்மா, கை கழுவுறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றார் கண்காணிப்பாளர்.

"கழுவாம ஒரு நாள்கூட உள்ள போனதில்ல சார்."

"அப்ப கையெழுத்து எங்கே?" சிஸ்டர் பாய்ந்தார். "லீவு லெட்டர்ல மட்டும் சுழிச்சு சுழிச்சுப் போடத் தெரியுதுல்ல?"

"கையெழுத்துப் போட்டாத்தான் கழுவின கையா சிஸ்டர்?"

"வாய்க்கு மட்டும் ஒண்ணும் குறைச்சல் இல்ல!"

பணிநீக்க உத்தரவு மேஜையில் தயாராக இருந்தது. கண்காணிப்பாளர் பதிவேட்டோடு வந்த பேனாவையே எடுத்தார்.

சோப்பக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வேலை போனா போகட்டும் சார். பச்சப் புள்ளைங்களுக்குக் கிருமி கொண்டாந்தவங்கிற பேரோட மட்டும் அனுப்பாதீங்க. அந்தப் பேரோட போனா எந்த ஆஸ்பத்திரியில என்னை உள்ள விடுவாங்க? மூணு நாள் முன்னாடி எல்லார் கையிலயும் பஞ்சுக்குச்சி தடவி எடுத்தாங்கல்ல, அந்த ரிசல்ட் வரட்டும். என் கையில கிருமி இருந்தா நானே போயிடறேன்."

"வரட்டும், நல்லா வரட்டும்," என்றார் சிஸ்டர்.

சொல்லி வாய் மூடவில்லை, லேப்காரர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பிடிச்சிட்டோம் சார்!"

"இவங்கதானே?" என்றார் சிஸ்டர்.

லேப்காரர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "பன்னெண்டு பேர் உள்ள நுழையும்போது எடுத்த சாம்பிள் சார். பதினொரு பேர் கையில அதே கிருமி. ரெண்டு டாக்டர், எட்டு நர்ஸ்..." கொஞ்சம் தயங்கினார். "அப்புறம் நம்ம பெரிய சிஸ்டர்."

பெரிய சிஸ்டர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானா? ஒரு நாளைக்கு முப்பது தடவை கழுவுறேனே!"

"அப்ப சோப்பக்கா?" என்றார் கண்காணிப்பாளர்.

"பன்னெண்டு பேர்ல சுத்தமா இருந்த ஒரே கை அவங்களோடதுதான் சார். அவங்க துடைக்கிற தொட்டில், தரை, குழாய், தள்ளுவண்டி எல்லாத்தையும் தடவிப் பார்த்தாச்சு. ஒரு பொட்டுக் கிருமி கிடையாது!"

சோப்பக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அவ்வளவு உயரமானவர் என்பதே அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

கண்காணிப்பாளர் உத்தரவின் குறுக்கே பெரிதாக ஒரு கோடு இழுத்தார். "மன்னிச்சிடுங்கம்மா. நீங்க மட்டும் அப்படி என்னதான் செய்றீங்க?"

"புதுசா ஒண்ணும் இல்ல சார். கழுவின கையால வேற எதையும் தொடாம நேரா உள்ள போகணும்னு பெரிய சிஸ்டர்தான் பாடம் எடுத்தாங்க. அதை அப்படியே செய்றேன், அவ்வளவுதான்."



"அப்ப அந்தக் கிருமி எங்கதான்யா குடியிருக்கு?" கண்காணிப்பாளர் லேப்காரரிடம் திரும்பினார்.

"கழுவின கையோட அந்தப் பதினொரு பேரும் முதல்ல எதைத் தொடுறாங்களோ, அதுல சார். பதிவேட்டுல நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிற கையெழுத்துப் பேனா. இப்ப நீங்க கையில வெச்சிருக்கீங்களே, அதேதான்."