இருபது மீட்டர் என்று எழுதிய சீட்டு

உடலோடு வந்த வலைப்பையை விசாரணை அதிகாரி என் மேசைமேல் வைத்தார்.

அக்காவின் கணவருடைய இடுப்பில் கட்டியிருந்த பை அது. எங்கள் கடல் ஆய்வுக்கூடத்துக்காக மூழ்கி, ஒவ்வொரு ஆழத்திலும் என்னென்ன பிராணிகள் இருக்கின்றன என்று எடுத்துவந்து தருகிறவர் அத்தான். நேற்று அவர் உடல்தான் மிதந்து வந்தது.

எத்தனை மீட்டரில் இருந்தார் என்பதுதான் இப்போது வழக்கு. முப்பது வரைக்கும் அனுமதி. அதற்குள் என்றால் விபத்து. அதற்குக் கீழே என்றால், அவராகப் போய் மாட்டிக்கொண்டார் என்று எழுதி மூடிவிடுவார்கள். கையில் கட்டியிருந்த ஆழமானி கடலோடு போய்விட்டது.

பைக்குள் ஒரு சீட்டு இருந்தது. எடுத்த ஆழத்தை நாங்கள் சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுவோம். மை என்றால் கரைந்துவிடும்.

'20 மீ' என்றிருந்தது.

அதிகாரி விவரமானவர். சீட்டில் யாரும் எதையும் எழுதலாம், உள்ளே இருப்பவை எந்த ஆழத்துப் பிராணிகள் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார். நான் சொந்தக்காரன் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் முதுகெலும்பில்லாத ஜந்துக்களோடு குடும்பம் நடத்துகிறவன் (அத்தான் அப்படித்தான் கேலி செய்வார்) அந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான்.

அக்கா வாசலிலேயே நின்றாள். அத்தானின் சட்டையைப் போட்டிருந்தாள்.

பையைத் தட்டில் கொட்டினேன். நாலு சிப்பி, ஏழெட்டுப் புழு, இரண்டு குட்டி நண்டு. எங்கும் கிடைக்கிற சரக்கு.

அடியில் அது கிடந்தது. வெள்ளையாக, நூல் போன்ற ஐந்து கைகளோடு ஒரு நட்சத்திர மீன்.

எங்கள் மூன்று வருடக் கணக்கெடுப்பில் ஐம்பது மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் இது ஒன்றுகூட வந்ததில்லை. வலையில் அள்ளினால் கைகளெல்லாம் ஒடிந்துதான் வரும். முழுசாக இப்போதுதான் பார்க்கிறேன். அத்தனை பக்குவமாகக் கையால் எடுத்திருக்கிறார்.



'அனைத்தும் இருபது மீட்டரில் வாழ்பவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது பெரிய வித்தையெல்லாம் இல்லை. பூசணிக்காயைத் தெரிந்தவன் நான் ஒருவனாக இருந்தால் போதும்.

அதிகாரி காகிதத்தை வாங்கிக்கொண்டு போனார். அக்கா உள்ளே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அழவே ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியும்டா. அவரு யார் பேச்சையும் மீறுற ஆளு இல்ல."

மீறவில்லைதான்.

நேற்றுக் காலை படகில் அந்தச் சீட்டை எழுதியது நான். இருபது என்று போட்டு, மடித்து, அவர் பைக்குள் வைத்தேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு தயங்கினார். நான் சிரித்துக்கொண்டே கெஞ்சினேன்.

"ஐம்பதுலதான் கெடைக்கும் அத்தான். எனக்காக ஒண்ணே ஒண்ணு, கை ஒடியாம."