தலையாட்டினால் போதும்

சுவருக்கு அந்தப் பக்கம் முதல் துப்பாக்கி வெடித்ததும் கணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த பேனா நழுவி மேசைக்கடியில் உருண்டது. அவருடைய மனைவி மட்டும் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கண்ணாடி அலமாரியில் வரிசையாக நின்ற ரைபிள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதீங்க சார். பின்னாடி எங்க கிளப்புல பயிற்சி நடக்குது" என்றாள் விற்பனைப் பெண். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமாகியும் அவளுக்கே அந்தச் சத்தம் இன்னும் பழகவில்லை.

லைசென்ஸை வாங்கிப் பார்த்தாள். மனைவியின் பெயரில், போன வாரத் தேதியில் இருந்தது. குறி பார்த்துச் சுடும் விளையாட்டுக்கு மட்டும் என்று முத்திரை குத்தியிருந்தார்கள்.

"இதுக்கு முன்னாடி சுட்டிருக்கீங்களா மேடம்?"

பதில் கணவரிடமிருந்து வந்தது. "காத்துத் துப்பாக்கியிலதான் பழகினாம்மா. நிஜ ரைபிள் இதுதான் முதல் தடவை."

காற்றுத் துப்பாக்கி கை தட்டுகிற அளவுக்குக்கூடச் சத்தம் போடாது. அப்படியென்றால் வெடிச் சத்தம் இவளுக்கு எங்கே பழகியது? வீட்டிலா? விற்பனைப் பெண் கணவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள்.

இரண்டு ரைபிள்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். "ரெண்டுமே பாயின்ட் டூ டூ, சின்னக் குண்டு. தோள்ல உதைக்காது, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நல்லது. இது கொஞ்சம் கனம், ஆனா ஆடாம நிக்கும். அது லேசு. உங்களுக்கு எது பிடிச்சிருக்கு மேடம்?"

அந்தப் பெண் உடனே திரும்பிக் கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டார். அவள் கனமானதைத் தொட்டாள்.

"அது வேணாம். கை வலிக்கும்" என்றார் அவர். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

விற்பனைப் பெண்ணுக்குத் தன் அக்காவின் ஞாபகம் வந்தது. துணிக்கடையில் நிறம் கேட்டால்கூட மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அக்கா பதில் சொல்வாள். ஒரு நாள் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்ற பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது.

கிளப்பை நடத்தும் மேஜர் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தார். "லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல இருக்கும், துப்பாக்கி இன்னொருத்தர் கைக்குப் போகும். அப்படித் தோணுச்சுன்னா உடனே என்னைக் கூப்பிடு. வியாபாரம் போனாப் போகுது."

"சார், உங்க அடையாள அட்டை நகல் ஒண்ணு வேணுமே" என்றாள் கணவரிடம்.

"வண்டியில இருக்கு. எடுத்துட்டு வந்துடறேன்."

அவர் கதவைத் திறந்துகொண்டு போனார். போகும்போதே கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். விற்பனைப் பெண் பதிவேட்டில் ஏதோ எழுதுவதுபோலக் குனிந்து, இருமல் வந்தவள் மாதிரி வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"அக்கா, நான் கேக்கறதுக்கு வாயைத் திறந்து பதில் சொல்ல வேணாம். அவர் உங்களைக் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்திருக்காரா? ஆமான்னா தலையாட்டுங்க, போதும். மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

அந்தப் பெண் அவளைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். தலையாட்டினாள். தயங்காமல், இரண்டு தரம்.

விற்பனைப் பெண் இரண்டு ரைபிள்களையும் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனை எடுத்தாள்.

கணவர் நகலோடு உள்ளே வந்தபோது மேஜர் கதவருகே நின்றிருந்தார். ஆறடி உயரம். கணவருக்குப் பின்னால் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் உக்காருங்க சார். இந்தத் துப்பாக்கி நிஜமா யாருக்கு?"

"என் மனைவிக்குத்தான். ஏன்?"

"அவங்களை மிரட்டிக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

"நானா? இவளையா?" அவர் முகம் வெளிறிவிட்டது. "யார் சொன்னது?"

"அவங்களே சொன்னாங்க."

கணவர் மனைவியைப் பார்த்தார். அவள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன நடந்தது என்றே தெரியாதவள்போல நடிக்கிறாள், பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்தாள் விற்பனைப் பெண். அவளுக்கே பயத்தில் கை மறுபடி வாய்க்குப் போனது.

"பயப்படாதீங்க அக்கா. இப்பதான என்கிட்ட ஆமான்னு தலையாட்டினீங்க? மேஜர் சார்கிட்டயும் சொல்லுங்க."

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தப் பெண் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். அவர் அவள் பக்கம் முழுதாகத் திரும்பி, "நான் சொல்லிடட்டுமா?" என்றார். வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டினாள்.

மேசையைச் சுற்றிக்கொண்டு விற்பனைப் பெண்ணின் எதிரில் வந்து நின்றாள். வாயை மூடியிருந்த அவள் கையை மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கினாள். பிறகு, கடைக்குள் வந்ததிலிருந்து முதல் தடவையாக, ஏற்ற இறக்கமே இல்லாத குரலில், ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிப் பேசினாள்.

"வாயை மறைக்காம பேசும்மா. எனக்குக் காது கேக்காது."